கீர்த்தனனின் பூச்சியங்களும் என் லிண்டருட்டும்

06.05.2006, சனி

பருவத்தின் முதல் ஆட்டம். எக்கபெர்க் மைதானத்தில் காற்று காதை அறுத்தது. கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டுத்தான் ஸ்கோர் புத்தகத்தில் பென்சிலைப் பிடிக்க முடிந்தது. மே மாதத்து ஒஸ்லோவில் கிரிக்கெட் ஆடலாம் என்று எங்களுக்கும் பாகிஸ்தான்காரருக்கும் மட்டும்தான் தோன்றும்.

நாங்கள் 96. அவர்கள் ஐந்து விக்கெட்டுகளை மட்டும் இழந்து வென்றார்கள். கீர்த்தனன் 4. போன வருடம் 412 ஓட்டங்கள் எடுத்த எங்கள் ஆரம்பத் துடுப்பாட்டக்காரன் அவன். இரண்டாவது ஓவரில் ஒரு பந்து ஆடுகளத்தில் விரித்த பாயின் மடிப்பில் பட்டு எகிறி அவன் முகத்தருகே போனது. படவில்லை. அவனும் சிரித்தான், நாங்களும் சிரித்தோம். எல்லைக் கோட்டில் இருந்து அணித்தலைவர் அருட்செல்வம் கத்தினார்: "தம்பி, மூக்கு இருக்கோ?" அதற்கு இரண்டு பந்து கழித்து ஆட்டமிழந்தான்.

பன்னிரண்டு வருடமாக இந்தக் கழகத்துக்கு நான்தான் ஸ்கோர் எழுதுகிறேன். மற்றப் பெண்கள் மைதானத்துக்குச் சாப்பாடு கொண்டு வருவார்கள், நான் பென்சிலும் அழிறப்பரும் கொண்டு போவேன். பெடியள் என்னை ஸ்கோர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உதயகுமாரி என்ற பெயர் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

புதன்கிழமை வேலையில் நடந்ததை இன்னும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? ஒன்றும் நடக்கவில்லையே.

09.05, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன்.

புதன் பின்னேரம் ஐந்தாம் தடத்தில் டி-பான என்கிற நகர ரயிலை வெஸ்ட்லி நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். லிண்டருட் நிறுத்தத்துக்குள் நுழையும்போது ஒரு மனிதர் தண்டவாளத்தில் நின்றார். கைப்பை கீழே விழுந்திருக்கிறது, அதை எடுக்கக் குதித்திருக்கிறார். நீல ஜாக்கெட். குனிந்து பையை எடுத்து நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். நாலு மீற்றர் இடைவெளியில் வண்டி நின்றது. அவர் ஏதோ வரிசையில் முந்திவிட்டவர் மாதிரி கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேடையில் ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான்.

எங்கள் பகுதிப் பொறுப்பாளர் ஹில்டே கோப்பி தந்து பக்கத்தில் இருந்தாள். எப்படி இருக்கிறது, சில நாள் லீவு வேண்டுமா, யாரோடாவது கதைக்க விருப்பமா என்று மூன்று விதமாகக் கேட்டாள். மூன்றுக்கும் "எல்லாம் நல்லம்" என்றேன். போர்க்காலத்தில் ஊர்ச் சோதனைச் சாவடிகளில் பழகிய வாய் இது. சீருடை போட்டவர் கேட்டால் ஒன்றும் பார்க்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் நல்லம். ஹில்டேயின் சீருடையில் ஒரு சின்ன ரயில் படம்தான் இருக்கிறது. ஆனாலும் வாய்க்கு அது தெரியவில்லை. படிவத்திலும் அப்படியே எழுதினேன்: உடனே நிறுத்தப்பட்டது, சேதம் இல்லை, சாரதி நலம்.

சாரதி நலமில்லை. ஒரு நாளில் எட்டுத் தடவை லிண்டருட்டைக் கடக்கிறேன். அதற்கு முந்திய வொல்லபெக்கை விட்டுப் புறப்பட்டதும் உள்ளங்கை நனைகிறது. நாலு மீற்றர் மூன்றாக இருந்திருக்கலாம், இரண்டாக இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். எட்டுத் தடவையும் இந்தக் கணக்குத்தான்.

14.05, ஞாயிறு

கீர்த்தனன் 0.

எல்லோரும் அவனுடைய துடுப்பைப் பார்க்கிறார்கள். பிடி சரியில்லை, தலை ஆடுகிறது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஸ்கோர் மேசை பக்கவாட்டில் இருப்பதால் எனக்கு அவன் கால்தான் தெரிகிறது. பந்து கையை விட்டு வருவதற்கு முன்பே வலது கால் ஒரு சாண் விலகிப் போகிறது. அவனுக்குத் தெரியாமலே போகிறது. மூக்கைத் தொடாத அந்தப் பந்துக்கு இன்னும் வழி விட்டுக்கொண்டிருக்கிறான்.

ஓட்டம் வராமல் போவதில் இரண்டு வகை உண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, நேரம் சரியில்லாமல் போவது. நல்ல அடி நேராகக் களத்தடுப்பாளர் கையில் போய் இருக்கும். அதற்கு மருந்து, ஆடிக்கொண்டே இருப்பது. இரண்டாவது, பயம் வந்து உட்காருவது. அதற்கும் ஆடிக்கொண்டே இருப்பதுதான் மருந்தா? அல்லது ஆட ஆட அது இன்னும் ஆழமாகப் போய் இருந்துவிடுமா? இதற்குப் பதில் தெரிந்தவர் யாராவது இருந்தால் சம்பளத்தில் பாதியைக் கொடுப்பேன்.

17.05, புதன்

தேசிய தினம். மேடை முழுக்கக் குழந்தைகள், ஒவ்வொன்றின் கையிலும் கொடி. காற்றில் ஒரு கொடி பறந்து தண்டவாளத்தில் விழுந்தால் அதன் பின்னால் குதிக்காத குழந்தை எது? ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர்ந்து போனேன். பின்னால் வந்த சாரதி தொடர்பு வானொலியில் முணுமுணுத்தான். கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்து எல்லாம் சரியா என்று கேட்டார்கள்.

எல்லாம் நல்லம் என்றேன்.

18.05, வியாழன்

இன்று நான் செய்தது பிழை. பெரிய பிழை.

சாருகாவுக்கு வியாழனில் லிண்டருட்டில் வயலின் வகுப்பு. வகுப்பு முடிந்து நிறுத்தத்தில் சிநேகிதிகளோடு நின்றிருக்கிறாள். ஓட்டும் அறையில் இருந்து பார்த்தேன். என் மகள், மேடை விளிம்பின் மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாள். பன்னிரண்டு வயது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்து இருத்திக் கத்தினேன். கத்தியதோடு விட்டிருக்கலாம். ரயில் ஆளில் மோதினால் என்ன ஆகும் என்று சொன்னேன். பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த அத்தனையையும், ஒன்று விடாமல். அவள் அழவில்லை. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இரவுச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

இனிமேல் பஸ்ஸில் வா என்று சொல்லிவிட்டேன். இரண்டு பஸ் மாற வேண்டும். மாறட்டும்.

21.05, ஞாயிறு

கீர்த்தனன் 0. முதல் பந்து.

25.05, வியாழன்

அணித்தெரிவு. வழக்கம்போல அருட்செல்வம் வீட்டுக் குசினியில், ரோல்ஸும் தேத்தண்ணீரும். பெயர்களைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டுவார்கள். பிறகு தங்கள் தங்கள் ஊர்ப் பெடியனின் காந்தத்தை மெல்ல மேலே தள்ளுவார்கள். தண்ணீர் எடுக்கப் போகிற சாட்டில் தள்ளுகிறவரும் உண்டு. எனக்கு வாக்கு இல்லை, வாய் உண்டு.

இன்று ஊர்ச் சண்டையே வரவில்லை. எல்லோரும் ஒருமனதாகக் கீர்த்தனனின் காந்தத்தைக் கீழே இறக்கினார்கள். சென்னையில் இருந்து வேலைக்கு வந்திருக்கும் வசந்தராஜனை ஆரம்பத்தில் இறக்குவது என்று பேச்சு. நல்ல ஆட்டக்காரன்தான்.

"இன்னும் ரெண்டு ஆட்டம் குடுங்கோ. இப்ப வெளியிலை விட்டா அவன் திரும்பி வரமாட்டான்" என்றேன்.

"உதயா, மூண்டு ஆட்டத்திலை நாலு ஓட்டம். நான் அவனைப் பிழை சொல்லேல்லை. ஆனா அணிக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று அருட்செல்வம் கேட்டார்.

"அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை! பந்து படவே இல்லை! ஒண்டும் நடக்காததுக்கு ஏன் ஆளை நிப்பாட்டுறியள்?"

என் குரல் நடுங்கிவிட்டது. யாரோ ரோல்ஸ் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். கடைசியில் இன்னும் ஒரு ஆட்டம் தருகிறோம் என்று காந்தத்தை மேலே வைத்தார்கள். என்மீது பரிதாபப்பட்டுத்தான் வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

கீர்த்தனனுக்காக வாதாடினேனா? ஹில்டேயின் சுவரில் வேலைமுறைப் பட்டியல் தொங்குகிறது. துர்னுஸ். அதில் என் பெயரை யாராவது கீழே இறக்கினால்? இருபது வருடமாகப் பாத்திரம் கழுவி, நிலம் துடைத்து, பிறகு பரீட்சை எழுதி, இந்த ஓட்டும் அறைக்கு வந்து சேர்ந்தேன்.

04.06, ஞாயிறு

பொய் எழுதினேன்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. கீர்த்தனனின் ஐந்தாவது பந்து காலில் பட்டு ஓடியது. ஓடி ஒரு ஓட்டம் எடுத்தார்கள். நடுவர் முழங்காலைத் தூக்கித் தட்டிக் காட்டினார், அதாவது லெக் பை, ஓட்டம் அணிக்குச் சேரும், ஆட்டக்காரன் கணக்கில் சேராது. நான் கையைத் தூக்கி, பார்த்துவிட்டேன் என்று காட்டினேன். பிறகு குனிந்து அவன் பெயருக்கு நேரே 1 என்று போட்டேன். அடுத்த ஓவரில் ஆட்டமிழந்தான்.

மூன்றாவது பூச்சியத்தைப் பார்த்தால் அவன் உடைந்துவிடுவான் என்று நினைத்தேன். பென்சிலால்தானே எழுதினேன்.

08.06, வியாழன்

எழுத்துக் கோணலாக வருகிறது.

லிண்டருட். தண்டவாளத்தில் நீல ஜாக்கெட் தெரிந்தது. ஆள் குனிந்திருக்கிறார். நான் அவசர பிரேக்கை இழுத்தேன். வண்டி முழுக்கக் கத்தியது. நின்ற பிறகு பார்த்தால் நீலக் குப்பைப் பை. காற்றில் வந்து ஒட்டியிருக்கிறது.

இரண்டாவது பெட்டியில் ஒரு வயதான நொர்வேஜியப் பெண் விழுந்துவிட்டார். முழங்கால் வீங்கிவிட்டது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அந்த மனுசி என்னைத் தேற்றுகிறார். நீ நல்ல சாரதி, யாரையோ காப்பாற்றத்தானே நிறுத்தினாய் என்கிறார்.

படிவத்தில் என்ன எழுதினேன்? நாய் குறுக்கே ஓடியது. நாய்! எங்கிருந்து வந்தது அந்த நாய்? ஐயோ, நான் என்ன செய்துகொண்டிருக்கிறன். அவ தலை அடிபட விழுந்திருந்தா? ஒரு பிள்ளை விழுந்திருந்தா?

இவரிடம் மட்டும் சொன்னேன். என் கணவர் சிவானந்தன் அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, "பெரிசா ஒண்டும் நடக்கேல்லைத்தானே? பிறகேன் நீரா எழுதிக் குடுத்து உம்மடை பேரைக் கெடுக்கிறீர்? உளவியல் அது இதெண்டு எழுதினாங்கள் எண்டா அது சாகும்வரை கடதாசியிலை நிக்கும்" என்றார். அவரும் அதே சாவடிகளைக் கடந்து வந்தவர்தான்.

மூன்று நாள் எகன்மெல்டிங் போட்டிருக்கிறேன். நானே எனக்குச் சுகமில்லை என்று எழுதும் கடதாசி. காரணம் கேட்கமாட்டார்கள்.

11.06, ஞாயிறு

மழை. ஆட்டம் நின்றுவிட்டது. கூடாரத்துக்குள் எல்லோரும் ஒதுங்கி நிற்க, கீர்த்தனன் மேசைக்கு வந்து போன வாரப் பக்கத்தைப் புரட்டினான்.

"அக்கா, இது என்ரை ஓட்டம் இல்லை. காலிலை பட்டது" என்று மெதுவாகச் சொன்னான்.

"நான் கவனிக்கேல்லை தம்பி."

"நீங்கள் கவனிக்காத ஒரு பந்து இஞ்சை இல்லை, அக்கா."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "எனக்குப் பயமாக் கிடக்கு. பந்து வரேக்கை கண் மூடுது. வீட்டிலை சொல்லேல்லை, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இந்தப் புத்தகம் ஒண்டுதான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நீங்கள் இதிலையும் பொய் எழுதினா, நான் எப்ப திரும்பி வந்தனான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான்.

அழிறப்பரை எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. நான்தான் அழித்தேன். 1 போய் 0 வந்தது. பிறகு அவன் அருட்செல்வத்திடம் போய், தன்னை இரண்டாவது அணியில் போடும்படி தானே கேட்டான். இருபத்திரண்டு வயதுப் பெடியன். எல்லோருக்கும் கேட்கும்படி, எனக்குப் பந்துக்குப் பயம் என்று சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. வசந்தராஜன் மட்டும், "எனக்கும் ஒரு வருஷம் அப்படி இருந்துச்சுப்பா. டென்னிஸ் பந்துல ஆரம்பி, சரியாயிடும்" என்றான். இதை முதலே சொல்லியிருக்கலாமே அந்தப் பாவி.

13.06, செவ்வாய்

ஹில்டேயின் கதவுக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றேன். இரண்டு தடவை கழிப்பறைக்குப் போனேன். இத்தனை வருட உழைப்பும் அந்தக் கதவுக்குள் போய் முடிந்துவிடும் என்றே நினைத்தேன்.

உள்ளே போய், நாய் இல்லை என்றேன். முதல் வசனமே அதுதான். அவளுக்கு விளங்கவில்லை. பிறகு மே மூன்றாம் தேதியில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நொர்வேஜிய மொழி பாதியில் கைவிட்டது, தமிழில் இரண்டு வசனம் வந்துவிட்டது. அவள் தலையாட்டினாள்.

இரண்டு படிவங்களையும் திரும்ப எழுதினேன். பொய் எழுதியதற்கு எழுத்தில் எச்சரிக்கை. ஓட்டும் பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஓட்ட முடியாது. திரும்பி வருவேன் என்று அவள் உறுதி தரவில்லை. தர முடியாது என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு வரும்போது பயணியாக வந்தேன். லிண்டருட்டில் கண்ணை மூடிக்கொண்டேன்.

20.06, செவ்வாய்

தொலைந்த பொருட்கள் பிரிவில் வேலை. இன்று பதினொரு குடை, ஒரு பல் செட், ஒரு திருமண மோதிரம். பல்லுக்கு ஆள் வந்துவிட்டது. மோதிரத்துக்கு வரவில்லை.

இவர் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இன்று, "நித்திரை கொள்ளுறீர் இப்ப" என்று மட்டும் சொன்னார். அது அவருடைய மொழியில் மன்னிப்பு.

02.07, ஞாயிறு

வெஸ்ட்லி பள்ளி வளவில் கீர்த்தனனுக்கு டென்னிஸ் பந்து எறிகிறேன். மூக்குக்கு நேரே எறியச் சொல்கிறான். முதல் நாற்பது பந்துக்கும் கால் விலகியது.

11.07, செவ்வாய்

எனக்கும் உளவியல் மருத்துவர் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருக்கிறார். தினமும் லிண்டருட் மேடையில் இருபது நிமிடம் நின்று, ரயில் வருவதைக் கண்ணை மூடாமல் பார்க்க வேண்டும். இன்று ஆறு நிமிடம். பிறகு வாந்தி வந்தது. தமிழ்ச் சனம் யாராவது பார்த்திருந்தால் இந்த வயதில் விசேஷமோ என்று கதை கட்டியிருக்கும்.

29.07, சனி

இருபது நிமிடம்.

19.08, சனி

இரண்டாவது அணி. கீர்த்தனன் 17. பந்து ஒன்று தோளில் அடித்தது. அடித்த பிறகும் அடுத்த பந்துக்குக் கால் அசையவில்லை. பதினேழும் அவனுடைய ஓட்டங்கள்தான், ஒவ்வொன்றையும் பேனையால் எழுதினேன்.

முதல் அணிக்கு இந்தப் பருவத்தில் அவன் திரும்ப மாட்டான். வசந்தராஜன் போன வாரம் 63. அவனை இறக்கு என்று எந்த முகத்தோடு கேட்பது? கீர்த்தனனுக்கு அதில் கவலை உண்டு, மறைக்கவும் இல்லை.

24.08, வியாழன்

சாருகாவின் வயலின் வகுப்பு மறுபடி தொடங்கிவிட்டது. நான் இனி ரயிலில் வா பிள்ளை என்றேன். வேண்டாம், பஸ்ஸே நல்லம் என்றாள். இரண்டு பஸ் மாறுகிறாயே என்றேன்.

"நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், ரயில் என்ன செய்யும் எண்டு" என்றாள். வயலின் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். சிநேகிதிகளின் பிறந்தநாளுக்குப் போகாமல் கோடை முழுக்க வீட்டில் இருந்தது இதனால்தான் என்று இன்றுதான் எனக்கு உறைத்தது. டி-பானவில் போகவேண்டிய எல்லா இடத்துக்கும் ஒவ்வொரு சாட்டுச் சொல்லியிருக்கிறாள்.

என் பயத்துக்கு மருத்துவர் இருக்கிறார். இதை நான் எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

05.09, செவ்வாய்

பயிற்றுநர் பக்கத்தில் இருக்க ஓட்டினேன். நாலு தடவை லிண்டருட். மூன்றாவது தடவை முன்கூட்டியே பிரேக் பிடித்துவிட்டேன். அவர் குறித்துக்கொண்டார். நானும் குறித்துக்கொண்டேன்.

22.09, வெள்ளி

மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கள் முதல் தனியே. பயம் போகவில்லை என்று அவரிடம் சொன்னேன். போகாது, கூட வரும், வந்தால் சொல் என்றார்.

28.09, வியாழன்

காலையில் பாணுக்குப் பட்டர் பூசும்போது சாருகா கேட்டாள், பின்னேரம் ஐந்தாம் தடத்தில் நீங்களா என்று. ஓம் என்றேன். நேரத்தைக் கேட்டாள். சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் கதைக்கவில்லை.

வொல்லபெக்கை விட்டதும் உள்ளங்கை நனைந்தது. நனையட்டும் என்று விட்டேன். லிண்டருட்டுக்குள் வழமையான வேகத்தில் நுழைந்து, சரியான இடத்தில் நிறுத்தினேன். தண்டவாளத்தில் ஒருவரும் இல்லை. மேடையில் சாருகா.

பின்சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கையாலும் வயலின் பெட்டியை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. சனம் ஏறி முடிந்தது. அவள் அசையவில்லை. கதவு மூடும் பொத்தானில் என் விரல் இருந்தது. இருபது விநாடிதான் நேரம்.

விரலை எடுத்தேன். பக்கக் கண்ணாடியைத் திறந்து தலையை வெளியே நீட்டி, "சாரு, ரயில் நிக்குது. நீ ஏறும்வரை நிக்கும். நான்தான் ஓட்டுறன்" என்று தமிழில் கத்தினேன். மேடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரை விட்டு ஒரு அடி வைத்தாள், நின்றாள். இன்னொரு அடி. கட்டுப்பாட்டு நிலையம் வானொலியில் என்ன நடக்கிறது என்று கேட்டது. ஒரு பயணிக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னேன். மஞ்சள் கோட்டில் கண்ணை மூடினாள், மூடிக்கொண்டே ஏறினாள். நான் கதவை மூடினேன்.

இரண்டு நிமிடம் பத்து விநாடி தாமதம். தாமதப் படிவத்தில் காரணங்கள் அச்சிட்டிருக்கும்: கதவுக் கோளாறு, சமிக்ஞை, பயணி சுகவீனம். ஒன்றிலும் புள்ளடி போடவில்லை. கீழே வேறு காரணம் என்ற கோட்டில் எழுதினேன்: ஒரு பிள்ளை ரயிலில் ஏறப் பயந்து நின்றது. அந்தப் பயத்தைக் கொடுத்தது சாரதி. அதனால் சாரதி காத்திருந்தார்.